அங்கீகரிக்கப்பட்ட நடை

1996 ஜனவரி எட்டாம் தேதி, தாமிரபரணி கிளைக்கால்வாய்ப் பராமரிப்பு வாரியத்தின் ஊழியர்கள் அனைவரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது.

உத்தரவு மூன்று பக்கச் சுற்றறிக்கையாக வந்தது. வாரியத்தின் இயக்குநர் ஜெயராம் அதற்கு முந்தைய மாதம்தான் நீர் மேலாண்மைப் பயிற்சிக்காக ஸ்காட்லாந்து போய்த் திரும்பியிருந்தார். அங்கே பதினைந்து நாளும் மழை பெய்ததால் நீர் மேலாண்மையைப் பார்க்க முடியவில்லை. மழை விட்ட நேரத்தில் கோல்ஃப் காட்டினார்கள். அதை அவர் மனதில் வாங்கிக்கொண்டு, ஒரு நீளமான தோல் பையோடு திருநெல்வேலி வந்து இறங்கினார்.

"கோல்ஃப் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் எட்டு கிலோமீட்டர் நடக்கிறார். இதயம் வலுப்பெறுகிறது. இடுப்பு குறைகிறது. மனக்கவலை நீங்குகிறது. ஆயுள் ஐந்து ஆண்டு கூடுகிறது. எனவே நாற்பத்தைந்து வயது கடந்த ஊழியர்கள் சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடி மேற்கண்ட பலன்களை அடைய வேண்டும். அடையத் தவறுபவர்கள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்."

கூடுகிற ஐந்து ஆண்டு பணிக்காலத்தில் சேருமா, ஓய்வுக்காலத்தில் சேருமா என்று ஓய்வூதியப் பிரிவு ஒரு கேள்வி அனுப்பியது. பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

தலைமை உதவியாளர் ஐயம்பெருமாளுக்கு இந்தக் கேள்விகளெல்லாம் எழவில்லை. அவர் கடைசிப் பத்தியை மட்டும் நான்கு முறை படித்தார். ஒன்பது குழியிலும் பந்தைப் போட்டு முடித்ததற்கான அட்டை இல்லாத எவரையும் இனிப் பதவி உயர்வுக்குப் பரிசீலிப்பதற்கில்லை என்று அதில் இருந்தது.

ஐயம்பெருமாளுக்கு வயது ஐம்பத்தாறு. கண்காணிப்பாளர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஜூன் மாதம் பதவி உயர்வுக் குழு கூடும். அதை விட்டால் அடுத்த பட்டியல் வரும்போது அவர் ஓய்வு பெற்றிருப்பார். அதுகூடப் பரவாயில்லை. மகள் கோமதிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேச்சுவாக்கில் இவர் "ஜூனுக்குள்ள சூப்பிரண்டு ஆயிருவேன்" என்று சொல்லப்போக, மாப்பிள்ளையின் தகப்பனார் தன் ஊரான சுரண்டை முழுக்க "சூப்பிரண்டு மகளைத்தான் எடுக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அழைப்பிதழில் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐயம்பெருமாள் தச்சநல்லூரிலிருந்து கொக்கிரகுளத்திலிருந்த அலுவலகத்துக்கு நடந்தே வருகிறவர். போக நாலு, வர நாலு. முப்பத்தொரு வருஷமாக நடக்கிறார். உடம்பு மூங்கில் மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் போதுமே என்று இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், நான் தெனம் எட்டு கிலோமீட்டர் நடக்கேன் சார்."

"எங்க நடக்கீரு?"

"வீட்டுலருந்து ஆபீசுக்கு சார்."

ஜெயராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கனமான மனிதர். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் அவருக்கென்று மிச்சமிடம் கிடையாது.

"அதுக்குப் பேரு போறது. நடக்கது இல்ல. ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும்னு நடந்தா உடம்புக்கு ஒரு பலனும் கெடையாது. எங்கயும் போகாம நடக்கணும். அதத்தான் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிருக்கான்."

இருந்தும் ஐயம்பெருமாள் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டார். பதினோரு நாளில் திரும்பி வந்தது. "விண்ணப்பதாரரின் நடையில் பந்து இல்லாத காரணத்தால் அதனை அங்கீகரிக்க இயலாது."

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ஒரு தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை அடிக்கப் பழகினார். அவர் மனைவி இசக்கியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாம்பா?"

"இல்ல. பயிற்சி."

"அந்தப் பழம் ஊறுகாய்க்கு வச்சிருந்தது. அடிக்கதா இருந்தா நசுங்காம அடிங்க."

வாரியத்துக்கு மணிமுத்தாறு அணைக்குக் கீழே முப்பது ஏக்கர் தரிசு இருந்தது. முள்ளடர்ந்த உடைமரமும் கல்லும் ஆடுகளும் உள்ள நிலம். அங்கே ஒன்பது குழி தோண்ட உத்தரவாயிற்று. வீரவநல்லூர் பக்கம் தூர்ந்துபோன கால்வாயை வெட்டித் தரச் சொல்லி விவசாயிகள் ஆறு வருஷமாக மனுக் கொடுத்து வந்தார்கள். ஆள் இல்லை, கருவி இல்லை என்று ஆறு வருஷமும் பதில் போயிருந்தது. குழிகள் இரண்டே நாளில் முடிந்தன. மண்வெட்டியோடு வாரிய ஆட்களைப் பார்த்த விவசாயிகள் சிலர், ஒருவழியாக வந்துவிட்டார்கள் என்று மாலையோடு வந்தார்கள். இயக்குநர் மாலையைப் போட்டுக்கொண்டார். குழியைப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள்.

குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்துக் கையேட்டில் இருந்தது. மாசி வெயிலில் அந்தத் தரிசில் கல்தான் வளரும். அதனால் பத்தமடைக் கோரைப் பாய்களைப் பச்சைச் சாயம் ஏற்றி விரிப்பது என்று முடிவாகி, ஏற்பாட்டுக்கு ஐயம்பெருமாள் அனுப்பப்பட்டார். ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனவன் பிச்சைக்கண்ணு. இருபது வருஷமாக வாரியத்தில் ஓட்டுநர்.

பத்தமடையில் பாய் நெய்கிற ஹமீது பீவி உத்தரவைப் பொறுமையாகக் கேட்டார்.

"பச்சையில நெய்யலாம் அண்ணாச்சி. நடுவுல வட்டமா ஓட்டை வேணும்னு சொல்லுதியளே, அது என்னத்துக்கு?"

"பந்து விழுததுக்கு."

"யாரு படுப்பாவ அதுல?"

"யாரும் படுக்க மாட்டாவ. பெரிய ஆபீசர்மாரு அதைச் சுத்தி நிப்பாவ. உடம்பு நல்லாருக்கணும்னு."

ஹமீது பீவி "அல்லா அவ்வொளுக்கு நல்ல சொகத்தக் கொடுக்கட்டும்" என்று மனதார வாழ்த்தி, ஓட்டையின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சனிக்கிழமையே விதிகள் வாசிக்கப்பட்டன. ஸ்காட்லாந்து விதிகளோடு வாரியத்தின் பணி விதிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. பணி மூப்பு வரிசைப்படிதான் அடிக்க வேண்டும். மேலதிகாரி பந்தை அடிக்கும்போது கீழ்நிலை ஊழியர் எழுந்து நிற்க வேண்டும். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால் இன்னும் சற்று நேராக நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஏழாவது விதி: மேலதிகாரியின் பந்து கிடக்கும் இடத்தைத் தாண்டிக் கீழ்நிலை ஊழியரின் பந்து செல்லலாகாது.

இயக்குநர் அடித்தார். பந்து பத்தடி தள்ளி ஓர் ஆட்டின் அருகில் போய் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பத்தடியையும் அவர் ஜீப்பில் ஏறிக் கடந்தார். அவர் நேரம் வாரியத்தின் நேரம் என்பதால் நடந்து வீணாக்க முடியாது. ஜீப்பின் பின்சீட்டில் காப்பிப் பிளாஸ்க்கும் தூக்குச்சட்டிகளும் இருந்ததால் மட்டைப் பைக்கு இடமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. "ஐயம்பெருமாள் நடந்து பழகினவருதானே" என்று ஜெயராம் சொன்னார்.

இப்படியாக ஐயம்பெருமாள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இயக்குநரின் பையைச் சுமந்துகொண்டு ஜீப்புக்குப் பின்னால் நடந்தார். பந்து உடைமரத்துக்குள் போனால் உள்ளே புகுந்து எடுத்தார். ஆடு கவ்விக்கொண்டு போனால் பின்னால் ஓடினார். அவர் முறை வரும்போது தன் பந்தை இரண்டடிக்கு மேல் போகாமல் தட்டி வைத்தார்.

மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் பொதுப்பணித் துறையின் விருந்தினர் மாளிகை இருந்தது. அங்கே சூடாக உளுந்த வடையும் கேசரியும் தயாராக இருக்கும். இயக்குநர் மூன்றாவது குழிக்கு வந்ததும் ஆட்டம் அங்கேயே ஒத்திவைக்கப்படும். அடுத்த சனிக்கிழமை மறுபடி முதல் குழியிலிருந்து தொடங்கும்.

ஐந்து வாரம் கழித்துத்தான் ஐயம்பெருமாளுக்கு விஷயம் உறைத்தது. இயக்குநர் மூன்றாவது குழியைத் தாண்டப் போவதில்லை. இயக்குநரின் பந்தை இவர் பந்து தாண்டக் கூடாது. அப்படியானால் ஒன்பதாவது குழியில் பந்தைப் போட்ட அட்டை இந்த வாரியத்தில் எவருக்கும், எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை.

"பிச்சைக்கண்ணு, நான் எப்படிப்பா ஒம்பதாவது குழிக்குப் போறது?"

"நீங்க பந்து தேடி ஒம்பதாவது குழியெல்லாம் எத்தனையோ மட்டம் தாண்டிட்டீயளே அண்ணாச்சி. பந்துதான் போகல."

அந்த வாரம் அவர் மனசு சரியில்லை. அழைப்பிதழை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மட்டையைக் கொஞ்சம் வேகமாக வீசிவிட்டார். பந்து இயக்குநரின் தலைக்கு மேலே, ஜீப்புக்கு மேலே, விருந்தினர் மாளிகையின் கூரைக்கும் மேலே பறந்து போயிற்று. யாரும் கை தட்டவில்லை. திங்கட்கிழமை காலை அவர் மேசையில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை இருந்தது. அவர் பதில் எழுதினார்: "மேற்படி பந்து என் அனுமதியின்றித் தானாகவே முன்னேறிச் சென்றது. இனி இவ்வாறு நிகழாது." அது எச்சரிக்கையோடு ஏற்கப்பட்டது.

மே மாதம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. திட்டத்தின் பலனை நேரில் பார்க்க மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வருகிறது. ஒவ்வொரு ஊழியரின் உடற்பரிசோதனை அறிக்கையும் தயாராக இருக்க வேண்டும்.

வாரியத்தின் மருத்துவ அலுவலர் டாக்டர் ஜெபகனி. பாளையங்கோட்டைக்காரர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண்மணி. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லோரையும் பரிசோதித்தார். இயக்குநரின் இரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. சர்க்கரை ஏறியிருந்தது. ஜனவரியில் நாற்பத்துநான்கு அங்குலமாக இருந்த இடுப்பு இப்போது நாற்பத்தேழு. ஐயம்பெருமாளுக்கு எல்லாம் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இருப்பதுபோல் இருந்தது.

ஜெயராம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு டாக்டரையும் ஐயம்பெருமாளையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர், இதுல ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. பலன் எடம் மாறி விழுந்திருக்கு."

"எனக்குப் புரியல சார்."

"ஒரு கடிதம் போகுது. நான் சொல்லுதேன். ஐயம்பெருமாள் எழுதுதாரு. தட்டச்சர் அடிக்காரு. பிச்சைக்கண்ணு கொண்டுபோய்த் தபால்ல போடுதான். கடிதம் யாருடையது? என்னுடையது. ஆட்டம் என் பேர்ல பதிவாயிருக்கு. நடந்தது இவரு. ஆனா யார் சார்பா நடந்தாரு? என் சார்பா. அப்போ அந்த நடையோட பலன் நியாயமா யாருக்குச் சேரணும்?"

டாக்டர் ஜெபகனி ஐயம்பெருமாளைப் பார்த்தார். ஐயம்பெருமாள் தரையைப் பார்த்தார்.

"ரத்தம் அவருடையது சார்."

"ரத்தம் அவருடையதுதான். அதை நான் மறுக்கல. ரத்த அழுத்தம் வாரியத்துடையது. நாப்பது வருஷமா இந்த வாரியம் இப்படித்தான் நடக்குது டாக்டர். கீழ இருக்கவன் செய்வான், மேல இருக்கவன் செஞ்சதா இருக்கும். கால்வாய்க்கு ஒரு நியாயம், கல்லீரலுக்கு ஒரு நியாயம்னு வச்சா நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்?"

"சரி சார். அப்ப ஐயம்பெருமாள் அண்ணாச்சி தாள்ல என்ன எழுத? வெறுமன விட முடியாது."

"மீதி இருக்கே, அதை எழுதுங்க."

டாக்டர் சற்று யோசித்தார். "அப்படியே செய்திருதேன். எழுத்துல ஒரு உத்தரவு கொடுத்திருங்க சார்."

எழுத்தில் உத்தரவு கொடுப்பது ஜெயராமுக்கு மிகவும் பிடித்த வேலை. உடனே கையெழுத்திட்டுக் கொடுத்தார். டாக்டர் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று ஐயம்பெருமாள் பாலத்தில் வரும்போது சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டைதான் கிடைக்கவில்லை என்றால், உடம்பும் இப்போது தன்னுடையது இல்லை என்றாகிவிட்டது. வீட்டில் இசக்கியம்மாளிடம் சொன்னார்.

"அவரு சீக்க உங்க பேர்ல எழுதிட்டா ஒங்களுக்கு வந்திருமா?"

"வராது."

"பின்ன என்ன. சாப்பிடுங்க. அச்சாபீசுல கேட்டா பேரை மட்டும் போடச் சொல்லுங்க. சம்பந்திகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஆய்வுக் குழு வந்தது. அணைக்கட்டில் வரவேற்பு நடந்தது. இயக்குநர் வியர்த்து வழிய, மூச்சு வாங்க, கோல்ஃப் தனக்குக் கொடுத்த தெம்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். குழுவின் தலைவர் ஒரு மெலிந்த, ஆழமான மனிதர். அவர் பேசுகிறவரைப் பார்க்கவில்லை; கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். கோப்பில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

படித்து முடித்ததும் அவர் கண்கள் ஈரமாகிவிட்டன.

"ஐம்பத்து நாலு வயசுல இப்படி ஒரு தேகமா? ஜெயராம், உங்களைப் போன்ற ஒருத்தரை நாற்காலியில் உட்கார வைத்திருப்பது அரசாங்கம் செய்கிற பாவம்" என்றார்.

அவர் வேறு ஒரு கோப்பைத் திறந்தார். மாஞ்சோலை மலைக்கு மேலே, ஆற்றில் வந்து சேர்கிற ஓடைகளை அளந்து குறிக்கும் பணி ஒன்பது வருஷமாகக் கிடப்பில் கிடந்தது. அங்கே சாலை கிடையாது. ஜீப் போகாது. மருத்துவச் சான்றில் தேறிய அதிகாரி எவரும் வாரியத்தில் இல்லை என்று ஒவ்வொரு வருஷமும் எழுதியவர் ஜெயராம்தான்.

"இப்போது ஆள் கிடைத்துவிட்டார்" என்றார் தலைவர்.

பிறகு அவர் அடுத்த தாளைப் பார்த்தார். தோளில் மட்டைப் பையோடு நின்ற ஐயம்பெருமாளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். இரக்கத்தோடு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க. எழுந்திருக்காதீங்க. இந்த நிலையில இவரைப் பை தூக்க வச்சது யார்?"

ஐயம்பெருமாள் பையோடு உட்கார்ந்தார்.

ஜூன் முதல் வாரம் இரண்டு உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. முதலாவது, ஜெயராமை மலைப்பணிச் சிறப்பு அலுவலராக நியமித்தது. இரண்டாவது, ஐயம்பெருமாள் நடக்கவே கூடாது என்றும், இருக்கையிலிருந்து எழ வேண்டிய அவசியமில்லாத பணியில் அவரை உடனே அமர்த்த வேண்டும் என்றும், நோயாளி என்பதால் அட்டை தேவையில்லை என்றும் கூறியது. நிர்வாகப் பிரிவு வாரியத்தின் எல்லாப் பதவிகளையும் ஆராய்ந்தது. கடைநிலை ஊழியர் நடக்கிறார். எழுத்தர் கோப்பெடுக்க எழுகிறார். தலைமை உதவியாளர் எழுத்தரைத் தேடி எழுகிறார். காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை எதற்காகவும் எழத் தேவையில்லாத பதவி ஒன்றுதான் இருந்தது. அது கண்காணிப்பாளர்.

ஜெயராம் கிளம்புவதற்கு முந்தின நாள் டாக்டர் ஜெபகனியிடம் போனார்.

"டாக்டர், எனக்கு உண்மையிலேயே பிரஷர் இருக்குல்லா?"

டாக்டர் கோப்பை எடுத்துப் புரட்டினார். "ஒன்னுமே இல்லையே சார். நூத்திருவதுக்கு எம்பது. வேணும்னா அந்த உத்தரவு எங்கிட்ட இருக்கு, சென்னைக்கு அனுப்பட்டுமா?"

ஜெயராம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். டாக்டர் அவருக்கு மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை, யார் பெயரும் எழுதாத ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்.

புதிய கண்காணிப்பாளர் நடக்கக் கூடாது என்பதால் தினமும் தச்சநல்லூருக்கு ஜீப் வந்தது. முதல் நாள் ஏறி உட்கார்ந்த ஐயம்பெருமாளுக்கு ரயில்வே கேட் வருவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"பிச்சைக்கண்ணு, நிறுத்துப்பா. நான் எறங்கி நடக்கேன்."

"அண்ணாச்சி, ஒங்கள வண்டியில கொண்டு வரணும்னு உத்தரவு. எம் பொழப்பப் பாக்க வேண்டாமா?"

"நீ வண்டிய என் பின்னாலயே பைய ஓட்டிட்டு வா. வண்டி நோட்டுல 'உடன் வந்தார்'னு எழுதிக்கோ."

அது உண்மையாகவும் இருந்தது, உத்தரவுக்கு ஒத்தும் இருந்தது. வண்ணாரப்பேட்டைச் சாலையில் ஒரு மனிதர் கைவீசி நடக்க, பின்னாலேயே ஓர் அரசாங்க ஜீப் ஊர்ந்து வருவதைப் பார்த்த போக்குவரத்துக் காவலர்கள், யாரோ பெரிய ஆள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அழைப்பிதழில் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் "கண்காணிப்பாளர்" என்று இருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்க ஒருவர் மண்டபத்துக்குள் வேகமாக வந்தார். ஐயம்பெருமாளுக்கு ஆளை அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. மாஞ்சோலையிலிருந்து ஜெயராம் வந்திருந்தார்.

"பஸ்ஸை விட்டுட்டேன். மலையிலருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் நடந்தே எறங்கி வந்தேன்" என்றார். மூச்சுகூட வாங்கவில்லை. தினமும் இருபது கிலோமீட்டர் மேடு ஏறுவதாகவும், கேழ்வரகுக் கஞ்சிதான் சாப்பாடு என்றும் சொன்னார். பந்தியில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஜெபகனி கை கழுவிவிட்டு வந்து, அங்கேயே நாடி பிடித்துப் பார்த்தார்.

"பதினாலு கிலோ கொறஞ்சிருப்பீங்க. மாத்திரைய நிறுத்திரலாம் சார்."

ஜெயராம் ஐயம்பெருமாளின் தோளைத் தட்டினார். குரலில் வெற்றி இருந்தது.

"பாத்தீராவே? கோல்ஃபோட பலன் ஒடனே தெரியாது. மூணு மாசம் ஆடணும். அப்புறம் மூணு மாசம் கழிச்சுத்தான் உடம்புல பேசும். நான் சென்னைக்கு அறிக்கை எழுதிட்டேன். சீக்கிரமே இங்கன திரும்பி வந்து, பதினெட்டுக் குழியாக்கப் போறேன்."

அவர் பாயசத்தைத் தேடிப் போனார். ஐயம்பெருமாள் அவருக்கு ஓர் இலை போடச் சொன்னார். பிறகு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அவரு திரும்பி வந்தா என்னம்மா ஆகும்?"

"ஆறு மாசத்துல பழைய எடை ஏறிரும். ஒரு வருஷத்துல நெஞ்சு வலி வரும். மலையிலயே இருந்தா நூறு வயசு இருப்பாரு அண்ணாச்சி."

ஐயம்பெருமாள் நல்ல மனிதர். யாருக்கும் கேடு நினைத்ததில்லை. திங்கட்கிழமை காலை தன் இருக்கையில் அமர்ந்ததும், ஒரு சக மனிதனின் ஆயுளைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தனக்கு இருப்பதாக அவர் உணர்ந்தார். புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, டாக்டரிடம் கேட்டு வாங்கிய குறிப்பை இணைத்து, சென்னைக்கு எழுதினார்: "சிறப்பு அலுவலரின் உடல்நலத்தில் காணப்படும் வியத்தகு முன்னேற்றத்தைக் கருத்தில் கொண்டு, அன்னாரின் மலைப்பணியை மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது."

வாரிய வரலாற்றிலேயே இல்லாத வேகத்தில், ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பரிந்துரை ஏற்கப்பட்டிருந்தது. அடியில், ஆய்வுக் குழுத் தலைவர் தன் கைப்படவே ஒரு வரி சேர்த்திருந்தார்.

"இதைவிட உயரமான இடம் இருந்தால் தெரிவிக்கவும்."